இடது, மூன்று

கொம்பனித்தெருவில், டயர்க்கடைக்குப் பின்னால்
ஒரு சீனக் கதிரையைப் பிரித்துப் போட்டிருக்கிறேன்.
ஓட்டோவில் வந்தது, கால்கள் வெளியே நீட்டியபடி,
குளிக்கத் தூக்கிவரும் பிள்ளையைப் போல.

மருதானையில் பல் பிடுங்கிய டொக்டர் லியாவுடையது.
நாற்பது வருடம் ஊரார் பற்றிய கைமுனை இரண்டும்
கறுத்து வழவழத்திருக்கின்றன:
வலிக்கு முன் ஒரு பிடி, வலித்தபோது இன்னொன்று.
தலை சாய்க்கவென்று யாரோ பூட்டிய இரும்புத் தகடு,
அதற்கு நாலு ஸ்குரூ.
அதைக் கழற்றச் சொல்லிவிட்டார்
இப்போது வாங்கியிருக்கும் ஹோட்டல்காரி ஷெஹாரா.
"ஒரிஜினலா இருக்கவேணும்."
கதிரை என்ற சொல்லே
போர்த்துக்கீசன் கப்பலில் வந்திறங்கியதுதான்.
ஒன்றும் சொல்லாமல் பிளேன்டீ குடித்தேன்.

வளைவைப் பற்றிச் சொல்லவேண்டும்.
முதுகைச் சுற்றிக் கைவரை வழியும் அந்த வளைவு
ஒற்றை மரமில்லை, ஐந்து துண்டு.
ஒன்றின் கொக்கி மற்றதன் மடியில் விழ
இடையில் சின்ன ஆப்பு. ஆணியே இல்லை.
ஆப்பைத் தட்டினால் பிடியைக் கைவிடும்.
பிரிய முடிந்ததால்தான் இவ்வளவு காலம்
சேர்ந்திருந்தன என்று
எழுத வந்தது எனக்கு.
பொலிஷ் பூசும் ரம்ஸின் கேட்டால் சிரிப்பான்.
அவனுக்கு மரம் மரம்தான்.

இருக்கைப் பலகையில்தான் ஆத்திரம் வந்தது.
சட்டத்தின் காடிக்குள் சும்மா மிதக்கவேண்டிய பலகை.
ஐப்பசி மழைக்கு ஊத, மாசி வெயிலுக்கு ஒடுங்க
இரு பக்கமும் நூலளவு விட்டிருந்தான் செய்தவன்.
யாரோ நல்ல மனிதர், ஆடுது என்று பயந்து
அரால்டைட் ஊற்றி அடைத்திருக்கிறார்.
மழையில் ஊதியது, போக இடமில்லை.
வெயிலில் ஒடுங்கியது, விட ஆளில்லை.
நடுவே விரல் நுழையும் பிளவு.
சூடு காட்டிக் காட்டி மூன்று நாள் சுரண்டினேன்.
அந்த மூன்று நாளும் வீட்டில்
ஒருவரும் என்னோடு வாய்கொடுக்கவில்லை.

இடது காலை உருவியபோது
கழுந்தின் கன்னத்தில் மையெழுத்து.
கவிதை என்றேன் நான்.
"கடன்கணக்கு" என்றான் ரம்ஸின்.
போனில் படமெடுத்துப் போய்
துறைமுக நகரத்து வாசலில், சோற்றுப் பார்சல் கடையில்
கிரேன் ஓட்டும் சீனப் பெடியனிடம் காட்டினோம்.
மென்றபடியே பார்த்தான்.
இடக்கையைத் தூக்கினான்.
பிறகு மூன்று விரல்.

இடது, மூன்று.
அவ்வளவுதான். மூன்றாம் கதிரையின் இடது கால்.
அப்படியென்றால் ஒன்றும் இரண்டும்
எங்கோ யாரையோ சுமந்துகொண்டிருக்கின்றன,
அல்லது எரிந்துவிட்டன.
திரும்பி நடக்கையில் ரம்ஸின் சொன்னான்:
"பாவம், செட்டை உடைச்சிட்டாங்கள்."

வலது கால் எழுத்தில்லாமல் வந்தது.
சீவிய தூளை முகர்ந்தேன். முதிரை.
வன்னிக்காட்டு மரத்துக்குச் சாயமேற்றி
சீன நிறத்தில் நிறுத்தியிருக்கிறார்கள்.
கழுந்தின் தோள் மயிரளவும் பிசகவில்லை.
மொறட்டுவையிலோ வாழைத்தோட்டத்திலோ ஒருவர்
உடைந்த காலைப் பக்கத்தில் கிடத்தி
அது சொன்னதை அப்படியே வெட்டியிருக்கிறார்,
சொன்னது எந்த மொழி என்று கேட்காமல்.

ஷெஹாராவுக்குக் கோல் எடுத்தேன்.
கால் இருக்கும் என்றேன்.
நெடுநேரம் ஏசியின் இரைச்சல் மட்டும் கேட்டது.
"தகடு?" என்றார்.
கழற்றிவிட்டேன். நாலு துளையை அடைக்கவில்லை.
பார்க்கிறவர்கள் கேட்டால்
பல் பிடுங்கிய இடம் என்று சொல்லுங்கள்.
சிரித்தாரா, வைத்தாரா தெரியாது.

மூடுவதற்கு முன்
முதிரைக் கழுந்தின் கன்னத்தில்
பென்சிலைக் கூராக்கி எழுதினேன்:
வலது, மூன்று.
மீன்பசை தொட்டேன், கொஞ்சமாய்,
அடுத்தவர் பிரிக்கக்கூடிய அளவுக்கு.
ஆப்பு உள்ளே போகும் சத்தம்
கதவைச் சாத்துவதுபோல் இல்லை;
கேரம் காய் குழியில் விழுவதுபோல்.

ரம்ஸின் கையைத் துடைத்துவிட்டு
முதல் ஆளாய் ஏறி உட்கார்ந்தான்.
இரு முனையையும் இறுகப் பற்றினான்.
என்னைப் பார்த்து
ஆ என்று வாயைத் திறந்தான்.