முப்பத்திரண்டில் ஒன்று

பொசன் போயா, பின்னேரம் ஆறு மணி.
அதற்குள் நான்கு பேரும் முடிக்க வேண்டும்.
பிந்தினவர் கொத்து ரொட்டி வாங்கித் தரணும்,
போயாவுக்கு இறைச்சி கிடைக்காது, முட்டைக் கொத்து.
நிஸ்தாரின் ஹார்ட்வெயார் கடை மேல்மாடியில்
சிமெந்து மூட்டைமேல் தாளை வைத்துக்
கையெழுத்தே போட்டோம்.
ஏப்ரலில் ஹட்டனில் வெயில் இருந்தது,
எல்லோருக்கும் துணிச்சலும் இருந்தது.

என் பெட்டியில் ஒரு மொரிஸ் மைனர்.
முப்பத்திரண்டில் ஒன்று:
இரண்டு தீப்பெட்டியும் ஒரு விரலும் நீளம்.
நாற்பத்தெட்டுத் துண்டுகளையும்
டிக்கோயா ஆஸ்பத்திரியில் பல்செட்டு அராவும்
அதே அரத்தால் அராவினேன்.
(டொக்டர் கேட்டால், இது வேறு அரம்.)

பல் கட்டுகிறவளுக்குப் பொறுமை இருக்கும் என்கிறார்கள்.
பல்லுக்கு ஒரு வாய் காத்திருக்கிறது,
தாமதித்தால் வந்து கதவைத் தட்டும்.
காருக்கு யார் இருக்கிறார்கள்?
மூன்று பேர்.
டியூட்டி முடிந்து வந்து, சோற்றை ஆறவிட்டுக்
குனிந்து உட்கார அது போதுமாயிருந்தது.

வெசாக் கழிந்ததும் மழை இறங்கியது.
பதினொரு நாள்.
பூசிய பச்சை காயவில்லை.
மேலே அடித்த வார்னிஷ்
கண்ணில் புரை விழுந்தாற்போல வெளுத்தது.
தேய்த்தேன். பூசினேன். வெளுத்தது.
ரைஸ் குக்கர் மூடிமேல் வைத்துப் பார்த்ததில்
ஒரு மட்கார்ட் கொஞ்சம் தலை சாய்த்துக்கொண்டது.

அருள்தாசன் ஸ்டோரில் டீ மேக்கர்.
"கொண்டா இங்க" என்றான்.
கொழுந்து வாடப்போடும் மாடியில்
சுடுகாற்று வரும் ஓரமாய்
ஒரு சப்பாத்துப் பெட்டிக்குள் காரை வைத்துத்
தொடாதே என்று மூன்று மொழியிலும் எழுதினான்.
அவனுடைய லொறிக்கு இன்னும் சில்லே பூட்டவில்லை.
பந்தயம் மறந்துபோச்சா என்றேன்.
"நீ முடிச்சாத்தான
பாக்குறதுக்கு ஒரு காராவது இருக்கும்."

மறுநாள் பளபளப்பு வந்திருந்தது.
பொனட்டில் ஒரே ஒரு தேயிலைத் தூள்,
வார்னிஷுக்கு அடியில்,
இனி எடுக்க முடியாத இடத்தில்.

தனுக ரொசல்ல ஸ்டேஷனில் சிக்னல் பார்க்கிறவன்,
கை நடுங்காது.
ஒற்றை மயிர்த் தூரிகையோடு
நம்பர் தகடு எழுத வந்தான்.
பழைய கார், ஸ்ரீதானே போடணும் என்று
தூரிகையைத் தூக்கியவன் அப்படியே நின்றான்.
அந்த எழுத்தில் ஒரு காலம் தார் பூசியதும்
பிறகு நடந்ததும்
எங்கள் இரண்டு வீட்டிலும்
வேறுவேறு விதமாகச் சொல்லப்பட்ட கதை.
பெட்டி மூடியைத் திருப்பிப் பார்த்தான்.
"ஐம்பத்திரண்டாம் வருசத்துக் கார்.
ஸ்ரீக்கு முந்தினது."
சீ, வை, பிறகு நான்கு இலக்கம்.
நான் பிளேன்ட்டி ஊற்றினேன்.
சீனி போதுமா என்று மட்டும் கேட்டேன்.

போயா அன்று நாலு மணிக்கு
பக்கக் கண்ணாடி, அரிசி நொய் அளவு,
இடுக்கியிலிருந்து தெறித்தது.
கரண்டும் போனது.
டோர்ச்சைக் கடித்துக்கொண்டு
தரை முழுக்கத் தவழ்ந்தேன்.
ஒரு கடுகு, ஒரு ஊக்கு,
யாருடையதோ ஒரு கடைவாய்ப் பல்.

ஐந்து ஐம்பத்தாறுக்குப் படியேறினேன்.
அருள்தாசனின் லொறி
அழிறப்பர் துண்டுகள்மேல் நின்றது.
நிஸ்தாரின் ஜீப்புக்குக் கூரை இல்லை,
ஜீப்புக்குக் கூரை எதற்கு என்று வாதாடினான்.
தனுகவின் டட்சன் முழுசாய் முடிந்திருந்தது,
ஸ்டியரிங் மட்டும் பின் சீட்டுப் பக்கம்.
என் காரை எல்லோரும் கையில் வாங்கிப் பார்த்தார்கள்.
அழகாயிருக்கு என்றார்கள்.
கண்ணாடி எங்கே என்றார்கள்.

நான்கு பேரும் தோற்றதாகத் தீர்ப்பு.
ஆளுக்குக் கால் பங்கு கொத்து வாங்கி
ஒரே தட்டில் கொட்டிச் சாப்பிட்டோம்,
கார்களுக்கு எண்ணெய் படாமல்
கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து.

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில்
என் ஸ்வெட்டர் முழங்கையில்
எதுவோ மின்னுகிறதென்று நர்ஸ் சொன்னாள்.
பஞ்சில் சுற்றி வைத்திருக்கிறேன்.
இன்னும் ஒட்டவில்லை.
அடுத்த கெடு நிக்கினி போயா,
இந்தத் தடவை கட்டாயம் என்கிறான் நிஸ்தார்,
கூரை இல்லாத ஜீப்பை
ஆணிப் பெட்டிகளுக்கு நடுவில் நிறுத்திவிட்டு.