குறிப்பு என்ற கட்டம்

நடுவீரப்பட்டுக்குக் கிழக்கே
செம்மண் ரோடு முடிகிற இடத்தில்
எனக்கு நாளுக்கு நானூறு ரூபாய்,
ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், கயிறு கட்டிய பேனா.
தையல்சிட்டு வாயில் என்ன கொண்டுவருகிறதென்று
ஆறிலிருந்து பதினொன்று வரை
கோடு போடவேண்டும்.
ஒருநாள் அய்யனார் காட்டுக் கூடு.
மறுநாள் வாய்க்காலுக்கு இந்தப் பக்கம்,
எத்திராசு குத்தகைக்கு எடுத்த முந்திரி.
வியாழக்கிழமை பாண்டியிலிருந்து
ஃபெலிசியா வண்டியில் வந்து
நோட்டைப் படம் பிடித்துக்கொண்டு போவாள்.

காட்டில் உட்காருவது லேசில்லை.
காசான் கிளை தலையைத் தட்டும்.
வீரைமரத்து இருட்டில்
முதல் அரைமணி கண்ணே தெரியாது.
பிறகு காற்றில்லாமல்
நுணா இலை ஒன்று அசையும்.
இரண்டு இலை. எருக்கம்பஞ்சு நூல்.
ரவிக்கைக்கு நான் போடுகிற எம்மிங்கைவிட
நெருக்கமாகத்தான் போட்டிருக்கிறது.
பச்சைப்புழு. பச்சைப்புழு.
சிலந்தி.
காலில்லாத என்னவோ,
அதற்கு ‘தெரியவில்லை’யில் ஒரு கோடு.
மறுபடி பச்சைப்புழு.
தொண்ணூற்றொன்று.
கொண்டுபோன நீராகாரத்தைக் குடிக்க
ஒழியவில்லை எனக்கு.

தோப்பில் வெளிச்சம் ஜாஸ்தி.
தானே புயலில் கிழட்டு மரமெல்லாம் சாய்ந்தபிறகு
வரிசை பிடித்து வைத்த ஒட்டுக்கன்றுகள்.
கொட்டை பொறுக்க வாகாக
அடியில் ஒரு செடி விடாமல் கொத்தியாயிற்று.
தை மாதம், ஆறு பேர், அதில் நானும் ஒருத்தி.
பிடுங்கிப் போட்ட நுணா
வரப்பில் கிடந்து சருகாயிற்று.

அதனால் இங்கே குருவி
முந்திரி இலையில் தைத்திருந்தது.
மொத்தமான இலை. ஊசி போட்ட இடமெல்லாம்
ஓரம் பழுத்து, ஒரு பக்கம் விட்டுப்போய்,
உள்ளே மூன்று மஞ்சள் வாய்.
ஸ்டூலில் உட்கார்ந்த எனக்கே தெரிகிறது.
செம்போத்துக்குத் தெரியாதா.
முப்பத்திரண்டு கோடு அன்றைக்கு.
பாதி எறும்பு.
கொஞ்சம் புழுவும் இருந்தது.
அதற்கு அது வாய்க்கால் தாண்டிக்
காட்டுக்குள் போய்விட்டு வரவேண்டியிருந்தது.
ஒரு நடைக்கு ஆறு நிமிஷம்.

பங்குனி பதினாலு
தேயிலைக் கொசுவுக்கு மருந்து.
அடித்தவர் என் வீட்டுக்காரர்.
டேங்குக் கணக்கில் கூலி.
ராத்திரி அவர் சட்டையைத் தனி வாளியில் ஊறவைத்தேன்.
துளிர் கருகாமல் இருந்தால்தான் கொட்டை,
கொட்டை விழுந்தால்தான் சீட்டுப் பணம்.
இதில் யாரைப் போய் என்ன சொல்ல.

மறுநாள் காலை
தோப்பு துடைத்துவிட்ட மாதிரி இருந்தது.
கட்டெறும்புகள் மண்ணில் சுருண்டிருந்தன.
குருவி வந்தது.
கூட்டு விளிம்பில் நின்றது, குனிந்தது,
நிமிர்ந்து என் பக்கம் பார்த்தது
(என்னைத்தானா என்பது தெரியவில்லை).
அலகில் ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லை என்பதற்கு
நோட்டில் கட்டம் இல்லை.
ஒன்பதரைக்கு ஒரு ஈ.
மூன்று வாயில் இரண்டுதான் திறந்தது.

‘மருந்தா?’ என்றாள் ஃபெலிசியா.
ஆமாம் என்றேன்.
யார் அடித்தது என்று கேட்கவில்லை.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று
வீடு வரைக்கும் நினைத்துக்கொண்டே வந்தேன்.
ஒவ்வொரு பக்கத்திலும் கடைசியில்
‘குறிப்பு’ என்று ஒரு பெரிய கட்டம் இருக்கிறது.
இரண்டு மாதமாக அதில் நான் எழுதினது
‘மழை’, ‘ஆடு’, ‘பேனா எழுதவில்லை’.
அன்றைக்கு எழுதினேன்:
பெட்டைக் குருவி வாய்க்கால் தாண்டியது,
பதினேழு தடவை.

வருகிற தையில் மறுபடி கூப்பிடுவார்கள் கொத்த.
வாய்க்கால் ஓரம் வேரிலிருந்து
நாலைந்து நுணா துளிர்த்திருக்கிறது,
முழங்கால் உயரம்.
அந்த மூலையை நான் எடுத்துக்கொள்கிறேன் என்று
முன்னாடியே சொல்லிவைக்க வேண்டும்.
எனக்கு மண்வெட்டி அவ்வளவு நேராக விழாது,
எல்லாருக்கும் தெரியும்.