வேகாத எழுத்து

ஊபி, ஐந்தாம் மாடி.
மூன்றே முக்காலுக்கு ஓர் இடி.
ஏர்கான் மூச்சை நிறுத்திய பிறகுதான்
இருட்டிவிட்டது தெரிந்தது.

என் மேசைக்கடியில் யுபிஎஸ்
கீக் கீக் என்றது.
பிரிண்டருக்கு அந்தச் சலுகை இல்லை.
"லேசரை பேட்டரியில் செருகாதீங்க,
சூடேறும்போது அதுக்கு யானைப் பசி,
இது சோளப்பொரி"
என்று போன மாதமே சொல்லிவிட்டார்
பழுது பார்க்க வந்த ரவூஃப்.

கரண்ட் திரும்பும் வேகம்தான் ஆபத்தாம்.
கைபேசி வெளிச்சத்தில் மண்டியிட்டு
முதலில் அதன் பிளக்கைப் பிடுங்கினேன்.
'வீட்டுக்குப் போகுமுன் அணைக்கவும்' —
சுவரில் நான்கு மொழியில் ஒட்டியிருந்தது.
தமிழ் வரி என் கையெழுத்து.
நானே ஒருநாளும் அணைத்ததில்லை.

பின்மூடியைத் திறந்தேன். இன்னும் சூடு.
உருளைகளின் வாயில்
பாதி விழுங்கிய தாள்.
மெல்ல, மிக மெல்ல இழுத்தேன்.

என் வேலை நீட்டிப்புக் கடிதம்.

மேல்பாதி வெந்திருந்தது:
கம்பெனி முகவரி, தேதி,
'அன்புள்ள மங்கையர்க்கரசி'.
கீழ்ப்பாதி வெறும் பொடி.
இரண்டு ஆண்டு என்ற இடத்தில்
கட்டைவிரல் பட்டுவிட்டது.
சம்பளம் மணிக்கட்டு வரை வந்தது.

திரும்ப அடித்தால் போச்சு.
ஆனால் கடிதம் இருப்பது
மேடம் கோவின் கணினியில்.
"எனக்கெதற்கு யுபிஎஸ், வீண் செலவு" என்றவர்
அணைந்த திரையைப் பார்த்தபடி இருக்கிறார்.

சேமித்தீர்களா என்று
நான் இன்னும் கேட்கவில்லை.
விரலையும் கழுவவில்லை.