மூன்று முறை என் பெயர்

மரப்பாலத்துக்கு மேலே மண் இன்னும் விழவில்லை.
கம்பம் மட்டும் சாய்ந்து நிற்கிறதாம்.
போஜராஜ் டார்ச்சைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பேசுகிறான்:
"ஃபைபர் அறுந்துபோகலை மேடம். அதான் தொல்லை."

சரிதான்.
அறுந்திருந்தால் எல்லாம் தானே திரும்பியிருக்கும்.
ஒரு பாதை செத்தால் ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு
அடுத்த பாதையில் நடக்கத் தொடங்கும் ரவுட்டர். ஒப்பாரி கிடையாது.
பாதி உயிரோடு இருப்பதுதான் அதற்குப் புரியாது.
நூறு பொட்டலத்தில் முப்பது வழியில் தொலைகிறது,
ஆனாலும் நிமிடத்துக்கொருமுறை
இருக்கிறேன் என்கிறது கோவை.
இருக்கிறேன் என்கிறது கோத்தகிரி.

இரவு இரண்டு பத்து.
கீழே பேக்கரியில் வர்க்கி வேகும் வாசனை படியேறி வருகிறது.
எனக்கு இரண்டு வழிகள்:
குன்னூர்ச் சரிவில் இறங்கிக் கோவைக்கு,
கூடலூர் சுற்றி மைசூருக்கு.
முதலாவதற்கு இருநூறு போட்டுவைத்தது நான்தான்.
விருப்ப எண். வீட்டுக்குள் மட்டும் பேசிக்கொள்வது,
அண்டை வலையின் காதில் விழாது.
தூரத்தை அளக்குமுன் இதைத்தான் பார்க்கும் ரவுட்டர்.
ஐம்பதாக்கினேன்.
இங்கிருந்து போவதெல்லாம் ஒரே மூச்சில்
கூடலூர்ப் பக்கம் முகம் திருப்பியது.

வருவதைத் திருப்புவது அப்படியல்ல.
பிறர் என்னிடம் வரும் வழி பிறர் கையில்.
கோவையோடு இன்னொரு கதவு இருந்திருந்தால்
இதைவிட அது தேவலை என்று
தாழ்ந்த குரலில் ஓர் எண் சொல்லிப்பார்க்கலாம்.
இருப்பது ஒரே கதவு.
மிச்சம், தூரமாய்த் தெரிவது.
பாதையில் என் பெயரை ஒருமுறை எழுதவேண்டிய இடத்தில்
மூன்று முறை எழுதினேன்:
கோத்தகிரி கோத்தகிரி கோத்தகிரி.
இருந்த இடத்தில் இருந்துகொண்டே
மூன்று மலை தள்ளிப்போன பொய்.
எல்லாருக்கும் தெரிந்த, எல்லாரும் மதிக்கிற பொய்.
சென்னை மதித்தது. சிங்கப்பூர் மதித்தது.
கோவை அசையவில்லை.

ஏனென்று தெரியும்.
அங்கே இம்தியாஸ், வாடிக்கையாளர் வழிக்கே
முதல் விருப்பம் என்று எழுதிவைத்திருக்கிறான்.
எத்தனை முறை என் பெயரைச் சொல்லி
நான் தள்ளித்தள்ளிப் போனாலும்
அவனுக்கு நான் முதல்.
நீளமெல்லாம் அதற்கப்புறம்.
அன்பைப்போல என்று எழுதத் தோன்றுகிறது.
இல்லை, மாதக் கட்டணம்.

ஆகவே ஒரு சீட்டு.
அறிவிப்போடு ஒட்டிக்கொண்டு போகும் இரண்டு எண்கள்,
நடுவில் இரு புள்ளிகள்.
பொருள் எங்கள் ஒப்பந்தத்தின் பதினோராம் பக்கத்தில் இருக்கிறது:
என்னைக் கடைசியாக வை.
நாலு வருடத்தில் ஒருமுறைகூட அனுப்பியதில்லை.
அனுப்பினேன்.

நீலக் கோடு தரைக்கு இறங்கியது,
மைசூர்க் கோடு எழுந்து உட்கார்ந்தது.
அதில் என்னென்ன ஏறிப்போயின என்று எனக்குத் தெரியாது.
ஆஸ்பத்திரியின் விலா எலும்புப் படமோ,
நாளைய தேயிலை ஏலமோ,
தூக்கம் வராத யாரோ பார்க்கும் மீன்குழம்பு வீடியோவோ.
ஒவ்வொன்றுக்கும் அடுத்த வாசல்வரைதான் வழி தெரியும்.
போதும், போய்ச்சேர்ந்துவிடும்.

செல்பேசியில் இம்தியாஸ். நேரில் பார்த்ததில்லை.
"மழையா?"
"மழைதான்."
அவ்வளவுதான் பேசினோம்.

விடிந்ததும் டானிங்டனில்
ரெயின்கோட்டுப் போலீஸ்காரர் கையை நீட்டிக்கொண்டிருந்தார்.
சீசனில் ஏறுவது குன்னூர் வழி, இறங்குவது எங்கள் வழி.
இன்றைக்கு ஏறுவதும் இறங்குவதும் எங்கள் வழி.
ஒரு லாரிக்காரன் அவரையே வழி கேட்டுவிட்டு
கேட்காததுபோல் நேரே போனான்.

டீக்கடையில் ஒருவர் என்னிடமே சொன்னார்:
"ராத்திரி கோத்தகிரி ஆபீஸ்ல ஒரு பொம்பளை
லைனையே கழட்டிப் போட்டுட்டாளாம்."
யார் சொன்னது?
கட்டபெட்டு மெக்கானிக். அவருக்கு?
அரவேணு வேன் டிரைவர். அவருக்கு?
கம்பத்தடியில் நின்ற போஜராஜ்.
அவனுக்கு?
அவர் யோசித்தார்.

வந்த வழியில் உன் பெயரே இருந்தால்
ஏற்காதே, விட்டுவிடு என்பது விதி.
திருத்தவில்லை.
இரண்டு வர்க்கி வாங்கிக்கொண்டு மேலே வந்தேன்.
மண் இன்னும் விழவில்லை.