நாட்காட்டியின் பின்பக்கம்

வீடு வாங்கியவரிடம் சாவியைக் கொடுக்குமுன்
மிஸ் ஊயின் அண்ணன் தியாம் ஹொக் கூப்பிட்டார்.
"செலோ பேப்பர் கொஞ்சம் கிடக்கு, வேணும்னா வாங்க.
பத்து மணிக்கு ரீசைக்கிள் லாரி வந்துடும்."

புலாவ் டிக்குஸ். மேல்மாடி.
ஓடாத சலவை இயந்திரத்துக்குள்
சுருட்டிச் செருகியிருந்த சீன நாட்காட்டித் தாள்கள்.
முன்பக்கம் குதிரைப் பந்தய நாள், பௌர்ணமி,
ஒரு டயர்க் கடையின் தொலைபேசி எண்.
பின்பக்கம்
ஐந்து பால்பாயிண்ட் பேனாக்களை ரப்பர் பேண்டால் கட்டி
ஒரே இழுப்பில் இழுத்த கோடுகள்.
நடுப்பேனாவில் மை தீர்ந்த தாள்களில்
நான்கு கோடுதான்.
மிச்சக் கோடு என் பொறுப்பு.

மிஸ் ஊய் லே ஹியாங் என்னைவிட ஏழு வயது சின்னவள்.
நாற்பதில் நான் செலோவைத் தூக்கிக்கொண்டு போனபோது சிரிக்கவில்லை.
"மிஸஸ் நேசமலர், நகத்தை வெட்டிட்டு வாங்க."
அவ்வளவுதான்.
வகுப்புக்குக் கீழே பல் டாக்டர்.
அவர் மெஷின் எப்போதும் அரை சுரம் தாழ்ந்தே பாடும்.
எங்களுக்கென்று அவள் எழுதித் தந்தவை
எட்டு வரி 'ஆமை', பத்து வரி 'ஃபெரி'.
அவளுக்கு வருவது அவ்வளவுதான் என்று
நாங்களாகவே முடிவு கட்டியிருந்தோம்.

இவை ஏழு. துணைக்கு எந்த வாத்தியமும் இல்லை.
விரல்பலகையின் விளிம்புவரை ஏறி
கட்டைவிரலைத் தந்திமேல் கிடத்தி
அங்கிருந்தும் ஏறுகிறவை.
இரண்டாவதிலேயே என் கை தடுக்கி விழுந்தது.
விரல் எண்களைச் சிவப்புப் பேனாவால் திருத்திக்கொண்டேன்.
வழுக்கல் போயிற்று. வழவழவென்று வந்தது.
வியோலா வாசிக்கும் அஸ்லினா கேட்டுவிட்டுச் சொன்னாள்:
"நல்லா இருக்கு, காக்.
ஆனா உள்ளே யாரும் இல்லை."

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷம்
லென்ஸுக்குக் கீழே குறை தேடியவள் நான்.
இருப்பதில் குறை காண்பது சுலபம்.
இல்லாததைப் பார்க்க மூன்று வாரம் பிடித்தது.
ஒன்று, இரண்டு, நான்கு.
நான்கு, இரண்டு, கட்டைவிரல்.
ஏழு உருப்படியிலும்
ஓரிடத்தில்கூட மூன்று இல்லை.

அப்போதுதான் அந்தப் பென்சில் ஞாபகம் வந்தது.
இடது கையில் எந்நேரமும் ஒரு பென்சில்.
வில்லைப் பிடித்துக் காட்டுவாள்,
விரலை வைத்துக் காட்டியதில்லை.

அண்ணனுக்கு ஃபோன் செய்தேன்.
"மோதிர விரலா? மடங்காது.
பன்னிரண்டு வயசுல, அப்பாவோட கார்."
கொஞ்ச நேரம் எதுவும் கேட்கவில்லை.
"கதவைச் சாத்தினது நான்."

பிளாஸ்டர் வாங்கினேன்.
மோதிர விரலை ஒரு குச்சியோடு சேர்த்து நிமிர்த்திக் கட்டினேன்.
சிவப்பு எண்களை அடித்தேன்.
தாண்டிப் போக விரல் இல்லாத இடங்களில்
கை முழுதாகச் சறுக்கியது,
சறுக்கும்போது தந்தி
நடுவில் கிடந்த எல்லாச் சுரத்தையும்
தொட்டுக்கொண்டு போனது.
நான் பிழை என்று துடைத்தது அதைத்தான்.

வகுப்பில் அவள் கத்தியது ஒரே ஓர் எண்.
"மூணு, மிஸஸ் நேசமலர்! மூணு! அது சும்மாவா இருக்கு?"

பிஷப் ஸ்திரீட் மாடியில், ஆகஸ்டில், நாற்பது நாற்காலி.
நான்காம் உருப்படியில் ஒரு நிறுத்தம்,
மேலே மலாயில் 'துங்கு' என்று மட்டும்.
எவ்வளவு நேரம் என்று எழுதவில்லை.
காத்திருந்தேன்.
சுவர் மின்விசிறி இரண்டு முறை தலையைத் திருப்பியது.
கடைசி வரிசையில், கதவோரம்,
தியாம் ஹொக் மடியில் குடையை நிறுத்திப் பிடித்திருந்தார்.
மீண்டும் வில்லை எடுத்தேன்.

முடிந்தபின் எதுவும் பேசவில்லை அவர்.
மழையில் செலோவைச் சுமந்துவந்து
பின்சீட்டில் சாய்த்தார்.
நான் முன்னால் ஏறி உட்கார்ந்தேன்.
கதவில் கை வைத்தபடியே நின்றார்.

"கை?" என்றார்.

இரண்டு கையையும் தூக்கிக் காட்டினேன்,
பிளாஸ்டர் போட்டதையும் சேர்த்து.
அதன்பிறகுதான் சாத்தினார்.