அர்ச்சனைச் சீட்டு

முத்திரையில் முப்பது நாள்.
இருபத்து மூன்று போய்விட்டது.

டன்லப் தெரு அறையில் ஒன்பது பேர், ஆறு பாய்.
முறை வைத்துத் தூங்குகிறோம்.
ஏஜென்டின் போன் இரண்டு தரம் அடித்து ஓயும்.
மற்றவர்கள் முஸ்தபாவின் குளிரில் நடந்து பொழுதைக் கழிக்க
நான் காளியம்மனிடம் வருகிறேன்.
ஏன் இங்கே நிற்கிறாய் என்று
ஒருவரும் கேட்காத இடம்.

எத்தனை கை, எத்தனை ஆயுதம் அவளுக்கு!
ஊரில் சென்ட்ரிக்காரன் ஒன்றோடு நின்றாலே
முழங்கால் கழன்றுவிடும்.
இவளிடம் இருப்பது பற்றி
எனக்கொரு கவலையும் இல்லை.

இன்று சாப்பாட்டுக் காசில் ஒரு சீட்டு.
ஐயர் குனிந்தார்:
"பேர், நட்சத்திரம்?"

மரியதாஸ் என்று வாய்வரை வந்துவிட்டது.
கடவுச்சீட்டில் அதுதான்;
கண்ணாடி முன் சொல்லிச் சொல்லிப் பழகியது.
குகநேசன், பூரட்டாதி என்பவன்
வவுனியாவில் ஏதோ பதிவேட்டில் கிடக்கிறான்.
அவனை இங்கே உரத்துச் சொல்ல ஏலாது,
பின்னால் வரிசை.

"சாமி பேருக்கே செய்யுங்கோ."

அவள் பேரை அவளிடமே சொன்னார்.
மணி அடித்தது.

வாசல் தாண்டுமுன் நெற்றியைத் துடைத்தேன்,
மரியதாஸ் குங்குமம் வைப்பானா?
விரலில் ஒட்டிய சிவப்பு மட்டும்
அறைவரை
போகவில்லை.