கண்ணுக்குத் தெரிந்தவரை

வாரநாட்களில் தணிக்கைத் துறையில்
பிறர் கணக்கைப் பார்ப்பவன்.
இன்று ஞாயிறு, தில்லி லோதி சாலையில்
பிறர் பாதங்களைப் பார்க்க நிற்கிறேன்.
நடுவர் எண் நான்கு.
சட்டைப்பையில் சிவப்புச் சீட்டுகள்,
கையில் தோசைக்கரண்டி நீளத்துக்கு ஒரு மஞ்சள் மட்டை.
ஒரு பக்கம் அலை,
மறுபக்கம் மடங்கிய முழங்கால்.

விதி இரண்டே வரி.
ஒரு பாதமாவது எப்போதும் தரையில் இருக்கவேண்டும்.
முன்வைத்த கால் உடம்புக்கு நேராக வரும்வரை
மடங்கக் கூடாது.
முதல் வரியின் வாலில் ஒரு சொற்றொடர்:
மனிதக் கண்ணுக்குத் தெரிந்தவரை.

கேமரா கூடாது.
தரையில் கன்னம் வைத்துப் பார்ப்பதும் கூடாது.
நின்ற உயரத்தில், ஆவி படிந்த கண்ணாடிக்குப் பின்னால்,
ஐம்பத்திரண்டு வயதுக் கண்.

ஆறரைக்குத் துப்பாக்கி வெடித்தது.
பனிமூட்டம் வேப்பமரங்களின் இடுப்புவரை இறங்கியிருந்தது.
தடுப்புக்கு அப்பால் இரண்டு பையன்கள்
இடுப்பை ஆட்டிக் காட்டிச் சிரித்தார்கள்.
சிரிக்கட்டும். முதல்முறை நானும் சிரித்தேன்.
அவசரமாய்க் கழிப்பறை தேடும் கூட்டம் என்றுதான்
யாருக்கும் தோன்றும்,
அவர்கள் பக்கத்தில் வரும்வரை.

முப்பத்தோரு பேர்.
கிலோமீட்டருக்கு நான்கு நிமிடம்.
நீங்கள் ஓடினாலும் பிடிக்க மாட்டீர்கள்.
மூச்சு கேட்காது, குதிகால்கள்தான் கேட்கும்:
ஓர் அலுவலகம் முழுக்க
விடாமல் முத்திரை குத்துவது போல.

குந்தன் டோலியா. பிதோராகர்காரன். எண் 117.
பதினைந்தாம் சுற்றில் இரண்டாமிடம்.
பலகையில் அவனெதிரே ஏற்கெனவே
இரண்டு சிவப்புப் புள்ளி.
கூட்டம் அவன் பெயரைக் கத்தியபோது
மட்டையின் பிடி வியர்த்தது.
அலையைக் காட்டினேன்.
பார்த்தான். தலையசைக்கவில்லை.

பதினாறாம் சுற்று.
வளைவில் ஜப்பானின் ஓகுராவை ஒட்டி வருகிறான்.
பின்கால் விரல் எழும்பிவிட்டது.
முன்கால் குதி இன்னும் வந்து சேரவில்லை.
ஈரத் தாரில் தெரிந்த பாதத்துக்கும்
அவன் பாதத்துக்கும் நடுவில்
ஒரு காகிதம் நுழையும் அளவு வெளிச்சம்.

எனக்குத் தெரியும்,
நாளைப் பத்திரிகைப் படத்தில் எல்லோரும் பறப்பார்கள்.
தங்கம் வாங்கியவனும்
ஓர் அங்குலம் மேலேதான் இருப்பான்.
பிடிபடாமல் பறப்பதற்குத்தான்
இங்கே நடை என்று பெயர்.

எழுதினேன்: 117. அலை. 7.34.
சீட்டை வாங்கிக்கொண்டு
சைக்கிள் பையன் போனான்.

தண்டனைக் கூண்டு என்பது
சாலையோரம் வெள்ளை அடித்த ஒரு செவ்வகம்.
மூன்றாம் சிவப்புக்கு இரண்டு நிமிடம்.
குந்தன் உள்ளே போய் நின்றான்.
தோள்கள் இன்னும் நடந்துகொண்டிருந்தன.
ஏழு பேர் அவனைத் தாண்டிப் போனார்கள்.
இரண்டு பாதமும் தரையில்,
முழுதாக, தட்டையாக,
அந்தக் காலையில் வேறு யாரும் காட்டாத ஒழுங்கோடு.

குனிந்து தன் ஷூவையே பார்த்தான்.
என் பக்கம் திரும்பியிருந்தால்
என் முகத்தை என்ன செய்திருப்பேனோ.

ஒருவரைத் திரும்பப் பிடித்து
எட்டாவதாக முடித்தான்.

தேநீர் வரிசையில் போலந்துக்காரி டொரோட்டா,
முதல் சிவப்பு அவளுடையது,
"எனக்கும் தெரிந்தது" என்றாள்.
நான் கேட்கவில்லை.
பிஸ்கட் நமத்திருந்தது.

ஜோர் பாக் மெட்ரோவில்
படியிறங்கும்போதே வண்டி வந்துவிட்டது.
ஓடியிருந்தால் பிடித்திருக்கலாம்.
நடந்தேன்.
கதவு மூடியது.
அடுத்தது நான்கு நிமிடத்தில் என்றது பலகை.

நான்கு நிமிடம்.
ஒரு கிலோமீட்டர்.